'பார்ட்' பாத்திரம் அன்று: தமிழ் நாடகக் கலைச்சொற்களின் வரலாறும் திருவில்லிபுத்தூர் – இராசபாளையம் வட்டார மேடை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் பயிலும் மாணவர்க்கு நாடகவியலின் அடிப்படைச் சொற்களாக இன்று கற்பிக்கப்பெறுபவை மூன்று வழிகளில் வந்தவை. சிலப்பதிகார உரைகள் ஒரு வழி. வடமொழி நாடக இலக்கணம் மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாடகக் கல்வியோடு வந்த மொழியாக்கங்கள் மூன்றாவது. தொழில்முறை நாடகக் கலைஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கிவரும் சொற்கள் இப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெறும்போதும் 'கொச்சை', 'பிறமொழிக் கலப்பு' என ஒதுக்கப்பெற்று, வேறு சொல்லால் பெயர்க்கப்படுகின்றன. இப்பெயர்ப்பில் பொருள் இழப்பு நேர்கிறது என்பதையும், மேடைச்சொல் ஒவ்வொன்றும் அம்மேடையின் தொழில் ஒழுங்கைப் பதிந்து வைத்திருக்கும் சான்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், எழினி, அங்கம், களம், காட்சி, பார்ட், பபூன், பின்பாட்டு, ஸ்பெஷல் நாடகம், அரையர் சேவை.

முன்னுரை

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் உட்பட்ட வட்டாரத்தில், வன்னியம்பட்டி போன்ற சிற்றூர்களின் கோயிற்பொங்கல் விழாக்களில் 'வள்ளி திருமணம்', 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆகிய நாடகங்கள் இரவு முழுவதும் நடைபெறுதல் தென்மாவட்டங்களுக்குப் பொதுவான வழக்கம். அந்நாடகத்துக்கென அச்சிடப்பெறும் துண்டறிக்கையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் பின்பாட்டு, மிருதங்கம் என்னும் சொற்களுக்கு எதிரே கலைஞர்களின் பெயர்களும் ஊர்களும் இடம்பெறும். இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் இளங்கலைத் தமிழ் வகுப்பில் நாடகவியல் பயிலத் தொடங்கும்போது மேற்கண்ட ஆறு சொற்களில் மிருதங்கம் ஒன்றைத் தவிர வேறெதனையும் பாடத்தில் காண்பதரிது. அங்கே கதைமாந்தர், தலைவன், நகைச்சுவைப் பாத்திரம், பின்னணி இசை என்னும் சொற்களே இருக்கின்றன. இரண்டும் ஒன்றே, ஒன்று பேச்சுவழக்கு, மற்றொன்று எழுத்துவழக்கு என்று ஆசிரியர் விளக்கிவிட்டு மேற்செல்வார். இரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கலைச்சொல்லாக்கம் பற்றிய உரையாடல் நம்மிடையே பெரும்பாலும் தூய்மை பற்றியதாகவே நிகழ்ந்துவந்துள்ளது. ஒரு சொல் தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்னும் வினா முதலில் எழுகிறது. அச்சொல் எத்தொழிலைச் செய்கிறது, யார் வாயில் வழங்குகிறது, எந்த மேடையில் பிறந்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. நாடகத்தைப் பொறுத்தவரை இவ்வரிசையை மாற்ற வேண்டியுள்ளது.

கூத்தின் உட்பிரிவாக நாடகம்

'நாடகம்' என்னும் சொல்லே முதற்சான்று. தொல்காப்பியம் 'நாடக வழக்கு' என்பதை 'உலகியல் வழக்கு' என்பதோடு இணைத்துப் பேசுகிறது. ஆங்கே அச்சொல் மேடை நிகழ்வைக் குறித்து நிற்பதாகக் கொள்வதினும், புனைந்துரைக்கும் நெறியைக் குறித்து நிற்பதாகக் கொள்வதே பொருந்தும். சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார், கதையைத் தழுவி ஆடப்பெறும் கூத்தையே நாடகம் என்கிறார். அவர் தரும் பகுப்பில் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என இரண்டு உண்டு. சாந்திக்கூத்து சொக்கம், மெய்க்கூத்து, அவிநயம், நாடகம் என நான்காகிறது. ஆக, அவர் காலத்துச் சொல்லமைப்பில் கூத்து என்பது பேரினம். நாடகம் அதன் கிளைகளுள் ஒன்று. இன்றைய பாடநூல்கள் நாடகத்தைப் பேரினமாக்கி, கூத்தை 'நாட்டுப்புற நாடகம்' என்னும் கிளையாக வைக்கின்றன. இத்தலைகீழ் மாற்றம் எப்போது நேர்ந்தது என்பதை அடுத்த பகுதியில் காணலாம்.

அரங்கேற்று காதையின் அரங்கு விவரிப்பு மாணவர் அனைவரும் அறிந்ததே. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். அரங்கின் தளத்துக்கும் மேலமைந்த உத்தரப்பலகைக்கும் இடையே நாற்கோல். புகவும் புறப்படவும் இரு வாயில்கள். தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு வைத்த விளக்கு. திரைகளுள் ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது. பொருமுக எழினி இரு பக்கங்களிலிருந்தும் வந்து பொருந்துவது. கரந்துவரல் எழினி மேலிருந்து இறங்குவது. இச்சொற்களின் சிறப்பு அவற்றின் பழமையில் மட்டும் இல்லை. மூன்றும் திரையின் இயக்கத்தைக் கொண்டு பெயர்பெற்றவை. திரை இழுப்பவனின் கையிலிருந்து பிறந்த சொற்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. தச்சனும் விளக்கேற்றுபவனும் திரை இழுப்பவனும் புழங்கிய சொற்களே பின்னர்ச் செய்யுளுக்குள் ஏறி 'இலக்கியச் சொற்கள்' ஆயின எனக் கருத இடமுண்டு.

இதே நோக்கில் கல்வெட்டுச் சொற்களையும் காணவேண்டும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டொன்று இராசராசேச்சுவர நாடகத்தை ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. கூத்தாடுவோர்க்கு விடப்பெற்ற நிலம் 'கூத்துக்காணி' எனப் பெயர்பெற்றது. நாடக இலக்கண நூல்கள் காட்டாத ஒன்றைக் கல்வெட்டுச் சொற்கள் காட்டுகின்றன: ஆடியவர்க்கு என்ன கிடைத்தது, யார் கொடுத்தார், அவ்வுரிமை எவ்வாறு நிலைத்தது என்பதே அது. மாணவர்க்கான நாடகச் சொல்லகராதிகளில் எழினி தவறாமல் இருக்கிறது, கூத்துக்காணி இருப்பதில்லை.

அங்கம், களம், காட்சி: 1891 முதல் 1897 வரை

நவீன நாடகச் சொற்களின் தோற்றம் வியக்கத்தக்க அளவு குறுகிய காலத்தில் நிகழ்ந்தது. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உ.வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தார். பரிதிமாற் கலைஞர் எனப் பெயர் மாற்றிக்கொண்ட வி.கோ. சூரியநாராயண சாத்திரியாரின் 'நாடகவியல்' 1897இல் வந்தது. ஏழாண்டுக் கால எல்லைக்குள் ஒரு படிப்பதற்கான நாடகம், ஒரு நடிப்பதற்கான சபை, ஒரு பழைய சொற்களஞ்சியம், ஒரு புதிய இலக்கணம் ஆகியன ஒன்றையொன்று அடுத்துத் தோன்றின.

சுந்தரனார் தம் நூலை ஐந்து அங்கங்களாகவும் இருபது களங்களாகவும் வகுத்தார். இவ்விரு சொற்களும் தனித்து நோக்கத்தக்கவை. வடமொழி நாடகப் பிரிவைக் குறிக்கும் சொல் 'குறி', 'மடி' முதலிய பொருள்களையும் உடையது. உடலுறுப்பைக் குறிக்கும் வடசொல் அதனின் வேறானது. வல்லின வேறுபாட்டை எழுத்தில் காட்டாத தமிழில் இரண்டும் 'அங்கம்' என ஒரே வடிவம் பெற்றன. விளைவாக, நாடகத்தின் 'அங்கம்' என்றதும் தமிழ் மாணவர் அதனை நாடக உடலின் ஓர் உறுப்பாகவே பொருள்கொள்கின்றனர். எழுத்துமுறை ஒன்று கோட்பாட்டுப் பொருளையே இடம்பெயர்த்த நிகழ்வு இது. பிழை என்று சொல்வதைவிட, பொருள்வளர்ச்சி என்று கொள்வதே நேர்மையாகும். நாடகத்தை உறுப்புகளால் ஆன முழுமையாகக் காணும் பார்வைக்கு அது துணைசெய்தது.

'களம்' அவ்வாறன்று, அது தமிழ்ச்சொல். ஏர்க்களம், போர்க்களம் என நிகழ்ச்சி நிகழும் நிலத்தைக் குறிப்பது. சுந்தரனாரின் களப்பிரிவு 'இது எங்கே நடக்கிறது' என்னும் வினாவுக்கு விடை. பம்மல் சம்பந்த முதலியாரின் அச்சான நாடகங்களிலோ 'முதல் அங்கம், முதல் காட்சி' என்னும் தலைப்பும், அதன்கீழ் இடம், காலம் என்னும் குறிப்புகளும் வருகின்றன. நிலத்தைச் சுட்டிய சொல் போய், பார்வையைச் சுட்டும் சொல் வந்தது. மேடையில் நிகழ்வதைப் பார்வையாளரின் கண்வழியே பிரித்தறிந்த சொல் 'காட்சி'. ஓவியத் திரைகள் மாறி மாறித் தோன்றிய சபை நாடக மேடையோடு இச்சொல் நெருங்கிப் பொருந்துகிறது. திரைப்படம் வந்தபின் அது 'காலைக்காட்சி', 'மாலைக்காட்சி' என முழு நிகழ்வையுமே குறிக்கும் அளவுக்கு விரிந்தது. களம் நூலுக்குள் தங்கிவிட்டது. காட்சி தெருவுக்கு வந்தது. சொல்லின் வெற்றியைச் சொல்லழகு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் செய்யுள் வடிவினது. வடமொழி இலக்கணத்தையும் ஆங்கில நாடகப் பயிற்சியையும் ஒருங்கே உள்வாங்கியது. 1926இல் விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி' மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்து, உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்னும் மூன்று பிரிவுகளில் சேக்சுபியரின் நாடகங்களையும் தனஞ்செயனின் தசரூபகத்தையும் தமிழ்க்கண் கொண்டு நோக்கியது. இருவரின் புலமையும் பெரிது. எனினும் இருவர் நூலும் எதிர்நோக்கிய மாணவர், நூலின்வழி நாடகத்தைக் கற்பவர். அதே ஆண்டுகளில் கொட்டகைகளில் இரவுதோறும் நாடகம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் சொற்கள் இவ்விலக்கணங்களின் எல்லைக்குள் வரவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலாநந்தருக்கு அம்மண்ணின் கூத்துச்சொற்கள் செவிவழி அறிமுகமாகாதிருக்க வழியில்லை. ஆயினும் அவை அந்நூலின் பொருளாக அமையவில்லை. கூத்து என்னும் பேரினம் கிளையாகச் சுருங்கியது இக்காலக் கட்டத்தில்தான் என்பது என் துணிபு.

'பார்ட்' என்னும் தொழிலலகு

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொழில்முறை மேடையின் வாத்தியார். மதுரையில் 1918இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தனர். தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' அக்காலக் கம்பெனிச் சொற்களுக்குச் சிறந்த மூலம். பாய்ஸ் கம்பெனிகளில் ஒரே இடத்தில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பயின்று, ஒரே குழுவாக நடித்தனர். இதற்கு மாறானது 'ஸ்பெஷல் நாடகம்'. கிராமத்தார் வாயில் 'இஸ்பெசல் நாடகம்'. இதில் நிலையான குழு கிடையாது. ஒவ்வோர் இரவுக்கும் வெவ்வேறு ஊர்களிலிருந்து கலைஞர்கள் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து புகழ்பெற்றது இவ்வகை மேடையில்தான். இன்றும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களோடு விருதுநகர் மாவட்டச் சிற்றூர்களிலும் விழாக்கால நாடகம் பெரும்பாலும் இம்முறையினதே.

முதன்முறையாகச் சந்திக்கும் கலைஞர்கள் ஒத்திகை ஏதுமின்றி விடியும்வரை ஒரு நாடகத்தை நடத்துவது எவ்வாறு? அதற்கு விடை 'பார்ட்' என்னும் சொல்லில் உள்ளது. சுவாமிகளின் நாடகப் பனுவல்கள் அனைவர்க்கும் பொதுவாக இருந்தன. அவற்றில் ராஜபார்ட் ஏற்பவர் இன்று முருகன், நாளை அரிச்சந்திரன், மறுநாள் கோவலன். ஸ்திரீபார்ட் ஏற்பவர் வள்ளியாகவும் சந்திரமதியாகவும் கண்ணகியாகவும் மாறுவார். பாத்திரம் நாள்தோறும் மாறுகிறது, பார்ட் மாறுவதில்லை. பார்ட் என்பது ஒருவர் கற்றுவைத்திருக்கும் பாடல்கள், விருத்தங்கள், தர்க்கங்கள், வேடம், நடை ஆகியவற்றின் தொகுதி. அவரை அமர்த்துவோருக்கு அது அவருடைய தொழிற்பெயர். துண்டறிக்கையில் முருகன் என்றோ வள்ளி என்றோ முதலில் அச்சிடாமல் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று அச்சிடுவதன் காரணம் இதுவே.

பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் முதன்மைக் கலைஞரை 'அயன் ராஜபார்ட்', 'அயன் ஸ்திரீபார்ட்' என்றனர். கள்ளன் வேடத்தில் சிறந்தவர் 'கள்ளபார்ட்' ஆனார். கள்ளபார்ட் நடராஜன் என்னும் நடிகருக்குத் திரைப்படத்திலும் அது பெயரின் முன்னொட்டாகவே நிலைத்தது. 1973இல் வந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' என்னும் படத்தலைப்பு விளக்கமின்றியே பொதுமக்களுக்கு விளங்கிற்று. இத்துணைப் பரவலான சொல்லைக் கலைச்சொற் பட்டியலில் 'கதாநாயகன்' என்று பெயர்த்தெழுதுவது எவ்வகையில் பொருந்தும்? கதாநாயகன் கதைக்குரியவன், ராஜபார்ட் தொழிலுக்குரியது. ஆங்கிலத்திலிருந்து வந்ததாயினும் 'பார்ட்' தமிழ் மேடையில் அடைந்த பொருள் தமிழ் மேடைக்கே உரியது. ராஜ, ஸ்திரீ, கள்ள என்னும் அடைகளோடு அது புணர்ந்த முறையே அது இங்கே வேரூன்றியதைக் காட்டும்.

கலைஞர் ஒருவரைக் கண்டு எழுதும் ஆய்வாளர், 'நான் ஸ்திரீபார்ட்' என்று அவர் கூறியதைத் தம் ஆய்வேட்டில் 'இவர் பெண் கதாபாத்திரங்களில் நடிப்பவர்' என்று மாற்றி எழுதும்போது, அவருடைய தொழில் வகைமையே அழிந்துபோகிறது. ஸ்திரீபார்ட் ஏற்பவருக்கும் அதே மேடையில் பபூனோடு ஆடும் டான்ஸ் கலைஞருக்கும் உள்ள வேறுபாடு, கற்ற பாடம் பற்றியது, சன்மானம் பற்றியது, மேடை மதிப்பும் சமூக மதிப்பும் பற்றியது. இருவரும் 'பெண் கதாபாத்திரம்' என ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால், அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுத முயலும் அடுத்த ஆய்வாளருக்குத் தரவே இல்லாமற் போகும்.

பபூன், கட்டியங்காரன், விதூஷகன்

சொற்பெயர்ப்பின் இழப்பு மிகத் தெளிவாகப் புலப்படுவது நகைச்சுவைக் கலைஞரைக் குறிக்கும் சொற்களில். தேர்வு விடைகளில் 'கட்டியங்காரன் என்பவன் கோமாளி. இவனை வடமொழியில் விதூஷகன் என்பர். இன்றைய நாடகத்தில் பபூன் என்பர்' என்னும் வாக்கியத்தைக் காணாத விரிவுரையாளர் இரார். நான்கு சொற்களை ஒன்றாக்கிய வாக்கியம் இது.

விதூஷகன் வடமொழி நாடகத்தில் தலைவனின் தோழன். கதைக்குள்ளேயே வாழ்பவன், உணவில் விருப்பம் உள்ளவன், அரசனின் காதலுக்குத் துணைநிற்பவன். தெருக்கூத்தின் கட்டியங்காரன் கதையின் வாயிலில் நிற்பவன். வேடம் திரைக்குப் பின்னின்று வெளிப்படும்போது 'நீர் யார்' என வினவுபவன் அவன். காவலன், தூதன், பணியாள் எனத் தேவைக்கேற்ப உருமாறி, கூத்து முடியும்வரை களரியில் இருப்பவன். அவன் கேள்வி கேட்காவிட்டால் துரியோதனன் தன் பெருமையைச் சொல்லவே இயலாது. அரசவையில் கட்டியம் கூறிய தொழிலின் நிழல் அவன் பெயரில் படிந்துள்ளது. ஸ்பெஷல் நாடகத்தின் பபூனோ கதை தொடங்குமுன் தனித்து மேடைக்கு வருபவன். நாட்டு நடப்பைப் பேசி, பாடி, டான்ஸ் கலைஞரோடு எதிர்ப்பாட்டும் எதிர்வாதமும் நிகழ்த்தி, கூடியிருக்கும் மக்களை இரவுக்கு ஆயத்தம் செய்பவன். அவன் பேசும் இடம் ஊர், கதையன்று. கதை தொடங்கியபின் அவன் உள்ளே நுழைவதுண்டு. எனினும் அவனுடைய பொழுது கதைக்கு முற்பட்டதே.

ஒருவன் கதைக்குள், ஒருவன் கதையின் வாயிலில், ஒருவன் கதைக்கு வெளியே என்று மூவரும் நிற்கும் இடம் வேறு. மேடைக்கும் பார்வையாளர்க்கும் உள்ள உறவை ஆராய விரும்பும் மாணவருக்கு இவ்வேறுபாடு அடிப்படைப் பாடம். 'கோமாளி' என்னும் பொதுச்சொல் அதனை மறைத்துவிடுகிறது.

ஒத்திகை உள்ள மேடையும் இல்லாத மேடையும்

ஸ்பெஷல் நாடகத்தின் சொற்களைத் தொகுப்பவர் ஒத்திகையைக் குறிக்கும் தனிச்சொல் எதனையும் அதில் பெறுவதில்லை. ஒத்திகையே இல்லாத மேடையில் அதற்கான சொல்லும் இல்லை. முன்பணம், தேதி, ஏஜென்ட், நோட்டீஸ், சீன் செட் எனக் கலைஞர்களை ஒன்றுகூட்டுவதற்கான சொற்களே மிகுதி.

இதற்கு நேரெதிர்ச் சான்றை மட்டக்களப்புக் கூத்து தருகிறது. சி. மௌனகுரு முதலானோரின் ஆய்வுகள் அதனை விரிவாகப் பதிந்துள்ளன. அங்கே ஊரார் கூடி ஒரு கூத்தைத் தேர்ந்து, அண்ணாவியாரை அழைத்து, மாதக்கணக்கில் பழகுகின்றனர். ஆடுவோர்க்குப் பகுதிகளைப் பகிர்ந்தளிப்பது 'சட்டம் கொடுத்தல்'. பயிற்சி ஒரு நிலையை எட்டியதும் நிகழ்வது 'சதங்கை அணிதல்'. முழுக்கூத்தையும் வரிசைபட ஆடிப்பார்ப்பது 'அடுக்குப் பார்த்தல்'. அதன்பின் 'அரங்கேற்றம்'. வடமோடி, தென்மோடி என்னும் ஆட்டமுறை வேறுபாடு, வட்டக்களரி, வரவு, பிற்பாட்டு என்று நீளும் இச்சொற்றொகுதியில் பயிற்சியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. தமிழகப் பாடநூல் இவ்வனைத்துக்கும் 'ஒத்திகை' என்னும் ஒரே சொல்லையே வைத்திருக்கிறது.

இலங்கையின் கல்விப்புலச் சொற்களும் தனித்தன்மை உடையவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். பின்னர் 'நாடகமும் அரங்கியலும்' பாடசாலைக் கலைத்திட்டத்தில் ஒரு பாடமாயிற்று. தமிழகத்தில் இயக்குநர் எனப்படுபவர் அங்கே நெறியாளர், இயக்கம் நெறியாள்கை, நிகழ்த்துதல் ஆற்றுகை, நாடகப்பிரதி எழுத்துரு. தமிழக வழக்கில் 'இயக்குநர்' என்றதும் திரைப்படமே முதலில் நினைவுக்கு வருகிறது. 'நெறியாளர்' அந்நிழலுக்கு வெளியே நிற்கிறது. ஒரே மொழியின் இரு கல்விப்புலங்கள் வெவ்வேறு சொற்களைப் புழங்குவதைக் குழப்பம் எனக் கருத வேண்டியதில்லை. ஆயின் யாழ்ப்பாணத்து மாணவர் எழுதிய கட்டுரையை மதுரை மாணவர் படிக்கும்போது 'ஆற்றுகை' எதனைக் குறிக்கிறது என்று அறிய இருபுற வழக்குகளையும் அருகருகே காட்டும் அகராதி தேவை.

தமிழகத்திலும் 1977இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறையும் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையும் 'பட்டறை' என்னும் கொல்லர் சொல்லை நாடகத்துக்கு உரியதாக்கின. தொழிலாளரின் சொல்லொன்று கல்வியாளரின் சொல்லாக ஏறிய அரிய நிகழ்வு அது. எழினிக்குப் பிறகு இத்தகைய ஏற்றம் எத்தனை சொற்களுக்கு வாய்த்தது என்று எண்ணிப்பார்க்கலாம்.

நாடகம் எனப் பெயர் கொள்ளாத நாடகம்

திருவில்லிபுத்தூரைப் பற்றிய கட்டுரை அரையர் சேவையைக் கடந்து செல்லலாகாது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களோடு ஆண்டாள் கோயிலிலும் மார்கழி அத்யயன உற்சவத்தில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் இது நிகழ்கிறது. கூம்பிய குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, அரையர் பாசுரத்தை இசைக்கிறார், அபிநயிக்கிறார், வியாக்கியானம் சொல்கிறார். முத்துக்குறி என்னும் பகுதியில் மகளின் நோய் கண்டு கலங்கும் தாய், காதலுற்ற மகள், முத்துகளைப் பரப்பிக் குறிசொல்லும் கட்டுவிச்சி ஆகிய அனைவரும் அவர் ஒருவரே. உடை மாற்றமோ திரையோ கிடையாது.

நாடகவியலின் எந்த வரையறையைக் கொண்டு நோக்கினும் இது நாடகக்கூறு நிறைந்தது. எனினும் மரபு இதனை நாடகம் என்பதில்லை. 'சேவை' என்கிறது, அரையரை 'விண்ணப்பம் செய்வார்' என்கிறது. நிகழ்வு யாருக்கு முன் நிகழ்கிறது என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. விண்ணப்பத்தைக் கேட்பவர் பெருமாள். கூடியிருக்கும் அடியார் அதனைச் 'சேவிப்பவர்'. 'பார்வையாளர்' என்னும் சொல் இங்கே பொருந்தாது. நாடக வகைப்பட்டியலில் அரையர் சேவையைச் 'சமய நாடகம்' என்னும் தலைப்பின்கீழ் வைத்து, அரையரை 'நடிகர்' என்றும் அடியாரைப் 'பார்வையாளர்' என்றும் எழுதும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டை இழக்கின்றன. ஒரே வட்டாரத்தில், கோயிலுக்குள் விண்ணப்பமும் ஊர்ப்பொங்கலில் பார்ட்டும் கல்லூரியில் பாத்திரமும் அருகருகே வாழ்கின்றன. மூன்றும் மூவகை உறவுகள்.

சொற்பதிவு முறை குறித்து

மேற்கூறியவற்றை ஏற்பின், மாணவர்க்கான நாடகச் சொல்லகராதி வேறுவகையில் அமைய வேண்டியிருக்கும். ஒரு சொல்லுக்கு நேர் இன்னொரு சொல் என்னும் இருபத்தி அமைப்பு போதாது. சொல் வழங்கும் மேடை, வழங்குவோர், அது குறிக்கும் செயல், பிற மேடைகளில் அதன் இணை அல்லது இணையின்மை ஆகியன தனித்தனியே தரப்படவேண்டும். பிறமொழி மூலத்தைக் குறிக்கலாம். அதனைத் தகுதிக்குறைவாகக் கொள்ளலாகாது. 'படுதா' பாரசீகச் சொல்லின் வழிவந்தது. கொட்டகை நாடகத்தில் மேலிருந்து இறங்கிய ஓவியத் திரைக்கு அதுவே பெயர். செயலளவில் அது கரந்துவரல் எழினிக்கு நெருங்கியது. இவ்விணைப்பைக் காட்டினால் மாணவர் இரு சொற்களையும் மறவார். படுதாவை நீக்கிவிட்டு எழினியை மட்டும் தந்தால், எழினி தேர்வுக்கான சொல்லாக நின்றுவிடும்.

களப்பணியாளருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தகவலாளி வழங்கிய சொல்லை அவர் ஒலித்தவாறே முதலில் பதிந்து, ஆய்வாளரின் விளக்கச் சொல்லைப் பின்னர்த் தனியே தருதல் வேண்டும். ஒலிப்பதிவுகள் அழிந்தபின் ஆய்வேட்டின் எழுத்து மட்டுமே எஞ்சும்.

எடுத்துக்காட்டாக ஒரு பதிவை இங்கே தரலாம். பின்பாட்டு: தெருக்கூத்தில், ஆடுபவர் பாடும் அடியை அவர்பின் நின்று வாங்கிப் பாடும் குழுவினரின் பாட்டு, அக்குழுவினரையும் குறிக்கும். மட்டக்களப்புக் கூத்தில் இதன் வடிவம் பிற்பாட்டு. ஸ்பெஷல் நாடகத்தில், ஆர்மோனியம் இசைப்பவர் மேடையின் ஓரத்தமர்ந்து நடிகருக்குச் சுருதி தந்து, பாடலைத் தொடர்ந்து, தேவைப்படும் இடத்தில் தாமும் பாடுதல். துண்டறிக்கையில் அவ்விசைக் கலைஞரின் தொழிற்பெயர். திரைப்படத்தின் 'பின்னணிப் பாடல்' இதனின் வேறு. அங்கே பாடுபவர் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. இங்கே பின்பாட்டுக்காரர் இரவு முழுவதும் மக்கள் கண்முன் அமர்ந்திருக்கிறார்.